டிஸ்க் கோல்ஃப் போட்டிப் பிரிவுகளும் ஆட்டக்காரர் வகைப்பாடும்

டிஸ்க் கோல்ஃப் என்பது கையால் வட்டுகளை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையில் விழச்செய்யும் விளையாட்டு ஆகும். இதன் போட்டிகளில் பங்கேற்போர் வயது, பாலினம், ஆட்டத்திறன், பணப்பரிசு பெறும் நிலை ஆகிய நான்கு அளவுகோல்களின்படி வெவ்வேறு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரே திடலில், ஒரே நாளில், உலக வாகையரும் முதன்முறை போட்டிக்கு வரும் பள்ளி மாணவரும் ஆடக்கூடும். ஆயினும் ஒருவர் தம் பிரிவைச் சேர்ந்தவர்களுடன் மட்டுமே வெற்றிக்குப் போட்டியிடுகிறார். இந்த ஏற்பாட்டின் விதிகளை அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் வகுத்துள்ளது. இதன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் பிடிஜிஏ. உலகெங்கும் இச்சங்கத்தின் ஒப்புதலுடன் நடக்கும் போட்டிகள் அவ்விதிகளையே பின்பற்றுகின்றன.

ஆட்டத்தின் அடிப்படை

வழக்கமான கோல்ஃபில் பந்து, மட்டை, குழி ஆகியவை உள்ளன. டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் வட்டும், குழிக்குப் பதில் கூடையும் உள்ளன. மட்டை கிடையாது. இருப்பினும் தொடக்க மேடையிலிருந்து கூடை வரையிலான ஒவ்வொரு பகுதியும் 'குழி' என்றே அழைக்கப்படுகிறது. ஒரு திடலில் பெரும்பாலும் 18 குழிகள் இருக்கும். வட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு எறியப்படும். எல்லாக் குழிகளையும் மிகக் குறைந்த வீச்சுகளில் முடிப்பவரே வெற்றி பெறுகிறார்.

இவ்விளையாட்டில் எதிராளி ஒருவரின் ஆட்டத்தை மற்றவர் தடுக்க முடியாது. ஒவ்வொருவரும் திடலை எதிர்த்தே ஆடுகின்றனர். ஆகவே, திறனில் பெரிய வேறுபாடு உள்ளவர்களும் ஒரே குழுவாக நடந்து ஆட இயலும். ஆனால் பரிசு என்று வரும்போது, ஒரு சுற்றை 50 வீச்சில் முடிப்பவரையும் 75 வீச்சில் முடிப்பவரையும் ஒரே பட்டியலில் வைத்தால் பின்னவருக்குப் போட்டி என்பதே பொருளற்றதாகிவிடும். பிரிவுகளின் தேவை இங்கிருந்து எழுகிறது.

வரலாறு

அமெரிக்காவின் வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் இவ்விளையாட்டின் தந்தை எனக் கருதப்படுகிறார். கலிஃபோர்னியா மாநிலத்தின் ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு அவர் அமைத்த திடலே முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடலாகும். சங்கிலியுடன் கூடிய கூடையை வடிவமைத்தவரும் அவரே. 1976இல் பிடிஜிஏ சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் முதல் உறுப்பினர் எண்ணும் அவருடையது. சங்கத்தின் முதல் உலக வாகையர் போட்டி 1982இல் நடைபெற்றது.

ஆட்டக்காரர்கள் பெருகப் பெருக, வயது முதிர்ந்தோர், பெண்கள், சிறுவர், புதியவர் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உருவாயின. 1990களின் இறுதியில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தரப்புள்ளி வழங்கும் முறை அறிமுகமானது. அதன்பின் 'இவர் புதியவர்', 'இவர் தேர்ந்தவர்' என்பதைப் பேச்சால் அல்லாமல் எண்ணால் முடிவுசெய்ய இயன்றது. இன்றைய வகைப்பாட்டின் முதுகெலும்பு இத்தரப்புள்ளியே.

முதல் அளவுகோல்: தொழில்முறையும் அமெச்சூரும்

பிடிஜிஏ உறுப்பினர் ஒவ்வொருவரும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லது அமெச்சூர் ஆட்டக்காரர் என்ற இரு வகைகளுள் ஒன்றில் இருப்பார். இங்கே 'தொழில்முறை' என்ற சொல்லை வாழ்க்கைத் தொழில் எனப் பொருள்கொள்ளக் கூடாது. தொழில்முறையினராகப் பதிந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் ஆடுபவர்கள்தாம். வேறுபாடு பணப்பரிசைப் பொறுத்தது.

தொழில்முறைப் பிரிவு ஒன்றில் ஆடிப் பணப்பரிசை ஏற்றுக்கொண்டால் அவர் தொழில்முறையினராகிவிடுகிறார். தாமாகவே விரும்பித் தொழில்முறையினராகப் பதிவுசெய்துகொள்ளவும் செய்யலாம். அமெச்சூர் பிரிவுகளில் பணத்துக்குப் பதிலாக வட்டுகள், பைகள், கடைச் சீட்டுகள் போன்ற பொருட்பரிசுகள் வழங்கப்படுகின்றன.

அமெச்சூர் ஒருவர் தொழில்முறைப் பிரிவில் ஆடத் தடை ஏதுமில்லை. பணம் கிடைக்கும் இடத்தில் முடித்தாலும் அதை மறுத்துவிட்டால் அவருடைய அமெச்சூர் நிலை தொடரும். தொடக்க மேடையிலிருந்து ஒரே வீச்சில் கூடையை அடைந்ததற்காகத் தனியே திரட்டப்படும் தொகை போன்ற துணைப் பரிசுகளைப் பெறுவதும் அந்நிலையைப் பாதிக்காது. மறுபுறம், தரப்புள்ளி 970க்குக் குறைவான தொழில்முறையினர், மிக உயர்நிலையில் இல்லாத போட்டிகளில் அமெச்சூர் முதல்நிலைப் பிரிவில் ஆட அனுமதிக்கப்படுகின்றனர். மீண்டும் அமெச்சூராக மாற விரும்புவோர் சங்கத்திடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஒருமுறை சிறு தொகையை வாங்கியதால் வாழ்நாள் முழுதும் தமக்கு மிஞ்சிய திறனுடையவர்களோடு மட்டுமே ஆடவேண்டிய நிலை ஒருவருக்கு வரக்கூடாது என்பதே இவ்விரு வழிகளின் பயன்.

இரண்டாம் அளவுகோல்: பாலினம்

பிரிவுகளின் குறியீடுகள் 'எம்' அல்லது 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்குகின்றன. 'எம்' என்பது ஆடவரைக் குறிப்பதாகப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது இருபாலருக்கும் பொதுவான பிரிவைக் குறிக்கிறது. வயதும் தரப்புள்ளியும் பொருந்தினால் பெண்கள் எந்தப் பொதுப் பிரிவிலும் ஆடலாம். 'எஃப்' எனத் தொடங்கும் பிரிவுகள் பெண்களுக்கு மட்டும் உரியவை. ஆகவே இவ்விளையாட்டின் உச்சப் பிரிவான எம்பிஓ, 'தொழில்முறை ஆடவர்' பிரிவு அன்று. வயது, பாலினம், தரப்புள்ளி எதுவும் தடையாக இல்லாத திறந்த பிரிவு. அதற்கு இணையான பெண்கள் பிரிவு எஃப்பிஓ எனப்படுகிறது. எஸ்தோனியாவின் கிறிஸ்டின் தாத்தார் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் இப்பிரிவில் உலகப் பட்டம் வென்றார்.

திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஆடுவது குறித்த விதி கடும் விவாதத்துக்கு உள்ளானது. 2023இல் நடைமுறைக்கு வந்த விதி, உயர்நிலைப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் அவர்களது பங்கேற்பைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. அவ்விதியை எதிர்த்து அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைக் காப்பது, ஒருவரையும் ஒதுக்கிவிடாதிருப்பது என்னும் இரு நோக்கங்களும் மோதிய இடம் இது.

மூன்றாம் அளவுகோல்: வயது

வயதுப் பிரிவுகள் இரு பக்கமும் உள்ளன. மூத்தோருக்கு 40 வயதில் தொடங்கி 50, 55, 60, 65, 70 எனப் பிரிவுகள் மேலே செல்கின்றன. இளையோருக்கு 18, 15, 12, 10 எனக் கீழே இறங்கி, ஆறு வயதுக் குழந்தைகள் வரை பிரிவுகள் உண்டு. மூத்தோர் பிரிவுகள் தொழில்முறை, அமெச்சூர் என இரு வகையிலும் இருக்கின்றன. எடுத்துக்காட்டாக எம்பி40 என்பது 40 வயதைத் தொட்ட தொழில்முறையினருக்கான பொதுப் பிரிவு. எஃப்ஏ50 என்பது 50 வயதைத் தொட்ட அமெச்சூர் பெண்களுக்கானது.

வயதைக் கணக்கிடும் முறை எளிது. பிறந்த நாள் எந்த மாதத்தில் வந்தாலும், நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் கிடைக்கும் எண்ணே அவ்வாண்டு முழுமைக்குமான வயது. டிசம்பரில் 40 வயது நிறையும் ஒருவர் அவ்வாண்டு சனவரி முதலே 40 வயதுப் பிரிவில் ஆடலாம்.

வயதுப் பிரிவு ஓர் உரிமையே அன்றிக் கட்டாயம் அன்று. 60 வயதுக்காரர் 50, 40 வயதுப் பிரிவுகளிலோ திறந்த பிரிவிலோ ஆடலாம். 14 வயதுச் சிறுமி பெரியவர்களுடன் போட்டியிடலாம். திறந்த பிரிவில் பன்னிரண்டு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோ, 1990 முதல் 1998 வரை தொடர்ந்து ஒன்பது பட்டங்களைக் கைப்பற்றியவர். அத்தகையோரும் காலம் கடந்தபின் தம் வயதினருடன் ஆடத் தொடங்குகின்றனர். வீச்சின் தொலைவு வயதோடு குறையும் இவ்விளையாட்டில், மூத்தோர் பிரிவு ஒருவரின் போட்டி வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் நீட்டித்துத் தருகிறது.

நான்காம் அளவுகோல்: தரப்புள்ளி

அமெச்சூர் பிரிவுகளைத் திறன்வாரியாகப் பிரிப்பது தரப்புள்ளி. சதுரங்க ஆட்டக்காரர்களின் எலோ புள்ளியை அறிந்தவர்களுக்கு இது ஓரளவு பழக்கமானதாகத் தோன்றும். ஆனால் அடிப்படை வேறு. எலோ புள்ளி, யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதைக் கொண்டு மாறுகிறது. டிஸ்க் கோல்ஃப் தரப்புள்ளியோ, ஒரு சுற்றை எத்தனை வீச்சில் முடித்தார் என்பதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வெற்றி தோல்வி அதில் சேராது.

1000 புள்ளி என்பது மிகத் தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. உலகின் முன்னணித் தொழில்முறையினர் இதைத் தாண்டி 1040க்கு மேலும் எட்டியுள்ளனர். ஆடவர், பெண்கள், சிறுவர், முதியோர் அனைவருக்கும் ஒரே அளவுகோல்தான்.

அமெச்சூர் திறன் பிரிவுகளுக்குரிய வரம்புகள் வருமாறு:

எம்ஏ1 (முதல்நிலை): வரம்பு இல்லை
எம்ஏ2 (இடைநிலை): 935க்குக் கீழ்
எம்ஏ3 (பொழுதுபோக்கு நிலை): 900க்குக் கீழ்
எம்ஏ4 (தொடக்கநிலை): 850க்குக் கீழ்
எஃப்ஏ1 (பெண்கள் முதல்நிலை): வரம்பு இல்லை
எஃப்ஏ2 (பெண்கள் இடைநிலை): 825க்குக் கீழ்
எஃப்ஏ3 (பெண்கள் பொழுதுபோக்கு நிலை): 775க்குக் கீழ்
எஃப்ஏ4 (பெண்கள் தொடக்கநிலை): 725க்குக் கீழ்

இவ்வரம்புகள் கூரை போன்றவை. தரை போன்றவை அல்ல. அதாவது, குறைந்த புள்ளி உடையவர் உயர்ந்த பிரிவில் ஆடலாம். உயர்ந்த புள்ளி உடையவர் தாழ்ந்த பிரிவுக்கு இறங்க முடியாது. பிரிவுகளின் விவரங்களைச் சங்கம் அவ்வப்போது திருத்துவதுண்டு. எல்லாப் போட்டிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எவற்றை நடத்துவது என்பதை அமைப்பாளரே முடிவுசெய்கிறார்.

சுற்றின் புள்ளி கணக்கிடப்படும் முறை

திடல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று அடர்ந்த காட்டுக்குள் இருக்கும். மற்றொன்று திறந்த புல்வெளியில் இருக்கும். காற்றும் மழையும் நாளுக்கு நாள் மாறும். அப்படியிருக்க, ஓரிடத்தில் எடுத்த 60 வீச்சையும் வேறோரிடத்தில் எடுத்த 60 வீச்சையும் எப்படி ஒப்பிடுவது? இதற்குத் திடலை அளப்பதில்லை. அன்று அங்கு ஆடியவர்களைக் கொண்டே திடல் எடைபோடப்படுகிறது.

ஏற்கெனவே போதிய சுற்றுகள் ஆடி, நிலையான தரப்புள்ளி பெற்றவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் அளவுகோல்களாகப் பயன்படுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 980, 950, 940, 930, 900 புள்ளிகள் உடைய ஐவர் ஒரு சுற்றில் ஆடுகின்றனர். அவர்களின் சராசரிப் புள்ளி 940. அவர்கள் எடுத்த வீச்சுகளின் சராசரி 60 எனில், அன்று அத்திடலில் 60 வீச்சின் மதிப்பு 940 ஆகும். நடுத்தரக் கடினமுள்ள திடலில் ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ 10 புள்ளி. எனவே 54 வீச்சில் முடித்தவருக்கு 1000. 65 வீச்சில் முடித்த புதியவருக்கு 890.

மறுநாள் பலத்த காற்று வீசி, அதே ஐவரின் சராசரி 63 வீச்சாக உயர்ந்தது என வைத்துக்கொள்வோம். இப்போது 63 வீச்சுக்கே 940 புள்ளி. அன்று 68 வீச்சு எடுத்த புதியவருக்கும் முந்தைய நாளைப் போலவே 890தான் கிடைக்கும். காற்றின் கடுமை தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நீண்ட, கடினமான திடல்களில் ஒரு வீச்சின் மதிப்பு 10 புள்ளிக்குக் குறைவாகவும், குறுகிய எளிய திடல்களில் கூடுதலாகவும் இருக்கும்.

ஆட்டக்காரரின் புள்ளி

பெரும்பாலும் கடந்த 12 மாதங்களில் ஆடிய சுற்றுகளின் புள்ளிகளைச் சராசரி கண்டு ஆட்டக்காரரின் தரப்புள்ளி வழங்கப்படுகிறது. சுற்றுகள் மிகக் குறைவாக இருந்தால் இன்னும் பின்னோக்கிச் சென்று எடுத்துக்கொள்வர். அண்மையில் ஆடிய கால் பங்குச் சுற்றுகள் இருமுறை எண்ணப்படும். ஒருவரின் வழக்கமான ஆட்டத்தைவிட மிகமிகத் தாழ்ந்த சுற்றுகள், எடுத்துக்காட்டாகச் சராசரிக்கு 100 புள்ளிக்கும் மேல் கீழே விழுந்தவை, நீக்கப்படும். பட்டியல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது.

அண்மைச் சுற்றுகளை இருமுறை எண்ணுவதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒருவர் 12 சுற்றுகள் ஆடியுள்ளார். முதல் ஒன்பதின் சராசரி 890. கடைசி மூன்றின் சராசரி 920. எளிய சராசரி கண்டால் 897.5 வரும்; அவர் எம்ஏ3 பிரிவில் தொடரலாம். கடைசி மூன்றையும் இருமுறை எண்ணினால் 902 வரும். அவர் இனி எம்ஏ2 பிரிவுக்குச் செல்ல வேண்டும். முன்னேறிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரைப் பழைய எண் தாழ்த்திக் காட்டாமலிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

பிரிவைத் தேர்ந்தெடுத்தல்: ஓர் எடுத்துக்காட்டு

52 வயதுள்ள அமெச்சூர் பெண் ஒருவரின் தரப்புள்ளி 760 எனக் கொள்வோம். 725ஐத் தாண்டிவிட்டதால் எஃப்ஏ4 பிரிவில் அவர் ஆட முடியாது. எஃப்ஏ3, எஃப்ஏ2, எஃப்ஏ1 மூன்றும் அவருக்குத் திறந்துள்ளன. வயதால் எஃப்ஏ40, எஃப்ஏ50 ஆகியவற்றுக்கும் அவர் உரியவர். பொதுப் பிரிவுகளில் எம்ஏ4 முதல் எம்ஏ1 வரை அனைத்திலும் ஆடலாம். விரும்பினால் எஃப்பிஓவிலும் எம்பிஓவிலும்கூட நுழையலாம்.

இத்தனை கதவுகள் திறந்திருந்தாலும் தேர்வு அவருடைய நோக்கத்தைப் பொறுத்தது. தமக்கு நிகரானவர்களுடன் ஆடி வெல்ல வேண்டுமெனில் எஃப்ஏ3. வயதொத்தவர்களின் தோழமை வேண்டுமெனில் எஃப்ஏ50. தேர்ந்தவர்களுடன் நடந்து கற்க வேண்டுமெனில் எஃப்ஏ1. சிறிய ஊர்களின் போட்டிகளில் பெண்கள் பிரிவில் வேறொருவரும் பதியாதபோது, தனியாக ஆடிக் கோப்பை வாங்குவதைவிட எம்ஏ4இல் பிறருடன் போட்டியிடுவதையே சிலர் விரும்புவர்.

திடலில் பிரிவுகளின் நடைமுறை

ஆட்டக்காரர்கள் மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாக அனுப்பப்படுகின்றனர். இயன்றவரை ஒரே பிரிவினர் ஒரே குழுவில் இருப்பர். முதல் சுற்றுக்குப் பின் ஒவ்வொரு பிரிவிலும் வீச்சு எண்ணிக்கையின் வரிசைப்படி குழுக்கள் மாற்றி அமைக்கப்படுகின்றன. இதனால் கடைசிச் சுற்றில் தொடக்கநிலைப் பிரிவின் முன்னணியினரும் தமக்கு நேர்ப் போட்டியாளர்களின் கண்முன்னே ஆடுகின்றனர். பல திடல்களில் தேர்ந்தவர்களுக்குத் தொலைவான தொடக்க மேடையும் புதியவர்களுக்கு அருகிலுள்ள மேடையும் அமைந்துள்ளன. அவ்வாறு ஆடும்போது ஒவ்வொரு அமைப்புக்கும் சுற்றுப்புள்ளி தனித்தனியே கணக்கிடப்படும்.

குறைகளும் விமர்சனங்களும்

இம்முறையின் மீது நெடுங்காலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு 'சாண்ட்பேக்கிங்' எனப்படும் வழக்கம் பற்றியது. உயர்ந்த பிரிவில் ஆடும் திறன் இருந்தும், பரிசுக்காகத் தாழ்ந்த பிரிவிலேயே தங்கிவிடுவதை இச்சொல் குறிக்கிறது. தரப்புள்ளி வரம்பு இதைப் பெருமளவு தடுக்கிறது. வேண்டுமென்றே மோசமாக ஆடித் தம் புள்ளியைக் குறைக்க முயல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அத்துடன், மிகத் தாழ்ந்த சுற்றுகள் கணக்கிலிருந்து நீக்கப்படுவதால் அம்முயற்சியால் பெரிய பயனும் விளைவதில்லை.

ஆயினும் ஓட்டைகள் உள்ளன. இதுவரை போட்டியே ஆடாதவருக்குத் தரப்புள்ளி இராது. அவர் எவ்வளவு திறமையானவராயினும் தாழ்ந்த பிரிவில் பதிய முடியும். விரைவாக முன்னேறும் இளைஞரின் புள்ளி அவரது உண்மைத் திறனுக்குப் பின்னால்தான் வரும். ஆகவே, வென்றவரை எல்லாம் ஏமாற்றுபவர் எனக் கருதுவதும் தவறாகும். 898 புள்ளியுடன் எம்ஏ3 பிரிவில் வென்றவர் விதியை மீறவில்லை. அவ்வரம்புக்குக் கீழே யாரேனும் ஒருவர் முதலிடத்தில் இருந்தே ஆகவேண்டும். எங்கே கோடு கிழித்தாலும் அதன் இரு ஓரங்களிலும் சிலர் நிற்பர்.

மற்றொரு விமர்சனம் பரிசுகளைப் பற்றியது. அமெச்சூர் பிரிவுகளில் வழங்கப்படும் பொருட்களின் மதிப்பு பெரிதும் பங்கேற்போரின் நுழைவுக் கட்டணத்திலிருந்தே வருகிறது. தாழ்ந்த பிரிவுகளில் பெரிய பரிசுகளை வைப்பதே அங்கே தங்கிவிடும் ஆசையைத் தூண்டுகிறது என்பர் ஒரு சாரார். இதற்கு மாற்றாகக் கட்டணத்தைக் குறைத்து, வெற்றியாளருக்குக் கோப்பை மட்டும் வழங்கும் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. அங்கே மேல்பிரிவுக்குச் செல்வதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

பிரிவுகள் மிகுந்துவிட்டன என்ற கருத்தும் உண்டு. நாற்பது பேர் பதிந்த சிறு போட்டியைப் பத்துப் பிரிவுகளாக உடைத்தால், சில பிரிவுகளில் ஓரிருவரே மிஞ்சுவர். பிரிவு குறைந்தால் புதியவர்களும் முதியவர்களும் பின்தங்குவர். பிரிவு மிகுந்தால் வெற்றிக்கு மதிப்புக் குறையும். பதிவானவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் அளவைக் கண்டறிவது ஒவ்வொரு போட்டி அமைப்பாளரின் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.